பெர்சிதா திறந்த ஜன்னல்

லெஸ்கோவாட்ஸ் ஊரில் ரதோய்காவின் முடிதிருத்தும் கடைக்குள் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். கதவு திறந்திருந்தால் ஜன்னல் மூடியிருக்கும். ஜன்னல் திறந்திருந்தால் கதவு மூடியிருக்கும். தெருவில் தார் உருகிச் செருப்போடு ஒட்டுகிற ஜூலை மாதத்திலும் இதுதான் சட்டம். ஈரத் தலையோடும் கழுத்தில் துண்டோடும் உட்கார்ந்திருக்கிற பெண்கள், "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ரெண்டையும் கொஞ்சம் திறந்து வைங்களேன்" என்று கெஞ்சினால், ரதோய்கா கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள்.

"வேர்த்து யாரும் செத்ததில்ல. குறுக்குக்காத்துல போனவங்க பேரைச் சொல்லட்டுமா? பேசாம உக்காரு."

சொல்லவும் செய்வாள். ரயில்வேயில் இருந்த மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பல் விழுந்தது, யாரோ ஒரு வக்கீலுக்கு மூளையே கலங்கியது, எல்லாம் இரண்டு திறப்புகளுக்கு நடுவே உட்கார்ந்ததால்தான். இந்தப் பயம் அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. எங்கள் நாட்டில் ப்ரொமாயா என்று இதற்குத் தனியாக ஒரு பேரே உண்டு. பேருந்தில் ஒருத்தன் ஜன்னலைத் தள்ளினால் மூன்று பேர் எழுந்து சண்டைக்கு வருவார்கள், அதில் ஒருத்தன் நேற்று இதே பேருந்தில் மூச்சுமுட்டி மயங்கி விழுந்தவனாக இருப்பான். ஆனால் மற்றவர்கள் பயந்தார்கள், அவ்வளவுதான். ரதோய்கா தீர்ப்புச் சொன்னாள்.

கல்லின் குளிர்ச்சி கர்ப்பப்பைக்கு ஆகாது என்று, கல்படியில் உட்காருகிற பெண்ணைப் பார்த்தால் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, "எழுந்திரு! பிள்ளை பெத்துக்கணுமா வேணாமா?" என்று கத்துவாள். இதையெல்லாம் வைத்து அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு வீட்டுக்கே போய் முடி வெட்டி, ஒரு காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவாள். யாருக்கு என்ன கஷ்டம் என்றாலும் அவள் வீட்டுச் சூப்புதான் முதலில் வரும். வாய் மட்டும்தான் அடங்காது. தான் நினைத்தது சரியா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இருந்ததே இல்லை.

அவள் கணவன் செதோமிர் துணி ஆலையில் தறி பழுதுபார்த்தவன். சாதுவான ஆள், அதிகம் பேசமாட்டான். அதற்குப் பதிலாக விசில் அடிப்பான். மாலையில் தெருமுனை திரும்பும்போதே விசில் கேட்கும், ரதோய்கா அடுப்பைப் பற்றவைப்பாள். அவனுக்கு ஒரே தங்கை, பெர்சிதா. நாத்தனாரும் அண்ணியும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வருஷா வருஷம் செப்டம்பரில் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடமிளகாய் வாங்கி, சுட்டு, தோலுரித்து, கிளறிக் கிளறி ஐவார் துவையல் செய்து இரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்த வேலைக்கு இவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரையும் பக்கத்தில் விடமாட்டார்கள். செதோமிருக்கு மட்டும் விதிவிலக்கு, அவன் தோலுரிக்க.

அப்படி ஒரு செப்டம்பரில்தான் வினை வந்தது. பெர்சிதா வீட்டுச் சமையலறை. முற்றத்தில் சுட்ட மிளகாய் சட்டி சட்டியாக உள்ளே வருகிறது, அடுப்பில் ஐவார் கொதித்துத் தெறிக்கிறது, புகையில் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை. பெர்சிதா கண்ணைக் கசக்கிக்கொண்டே போய் முற்றத்து ஜன்னலைத் திறந்தாள். பிறகு தெருக் கதவையும் திறந்தாள். நடுவில் சின்ன முக்காலியில் செதோமிர்.

"பெர்சா, ஒண்ணை மூடு" என்றாள் ரதோய்கா.

"ஐயோ அண்ணி, புகையிலயே போய்ச் சேர்ந்துடுவோம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

"உங்க அண்ணன் கழுத்தெல்லாம் வேர்த்திருக்கு. மூடுன்னா மூடு."

"அவனென்ன கண்ணாடி பொம்மையா?" என்று பெர்சிதா சிரித்தாள். செதோமிரும் சிரித்தான். மிளகாய் முடிகிறவரை கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன.

சனிக்கிழமை இது நடந்தது. திங்கட்கிழமை காலையில் செதோமிர் காப்பி குடித்தபோது அது வாயின் இடது ஓரமாக வழிந்து சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தான், மறுபடி வழிந்தது. ரதோய்கா நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் பாதி கழன்று தொங்கியது. இடது கண் மூடவில்லை. "என்ன பாக்கற?" என்று அவன் கேட்டதே குழறலாக வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பெர்சிதா ஓடிவந்தாள், வேலைக்குப் போடும் நீல அங்கியைக்கூடக் கழற்றாமல். அவள் பாலர் பள்ளி ஒன்றில் ஆயா. ரதோய்கா அவளை உள்ளே போக விடவில்லை. நோயாளிகள், நர்சுகள், தெரிந்தவர் தெரியாதவர் என்று வராந்தா முழுக்க ஆட்கள், அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்.

"பாரு! நல்லாப் பாரு! நீ திறந்து விட்ட காத்துதான் அவன் வாயைக் கோணி வச்சிருக்கு. மூடு மூடுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். சிரிச்சியே! இப்ப சிரிடி!"

பெர்சிதா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சுவரோடு ஒட்டி நின்று, நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து போனாள். அந்தக் காட்சி அன்றைக்கு ரதோய்காவுக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவளிடம் ஒரு கோபம் இருந்தால் அது ஊருக்கே பொது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னாள், புருஷன் முகம் எப்படித் தொங்கியது என்று கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டிக்கூடச் சொன்னாள். பெர்சிதாவுக்கு ஊர் ஒரு பட்டப்பெயர் வைத்தது: காத்துக்காரி. அதே நாற்காலியில் பாலர் பள்ளிக் குழந்தைகளின் அம்மாக்களும் உட்கார்ந்தார்கள். "அந்தம்மாவா எங்க குழந்தையைப் பாத்துக்கறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "உன் குழந்தை, உன் இஷ்டம். நான் என்ன சொல்றது" என்றாள் ரதோய்கா. நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போய்ப் பேசினார்கள். பெர்சிதாவைக் குழந்தைகள் பக்கத்திலிருந்து எடுத்து, கீழே துணி துவைக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டபோது ரதோய்கா, "நல்லதுதான்" என்றாள்.

செதோமிரின் முகம் கொஞ்சம் தேறியது, முழுசாகத் தேறவில்லை. சிரித்தால் ஒரு பக்கம்தான் போகும். இடது கண்ணில் எப்போதும் நீர். உதட்டைக் குவிக்க முடியாததால் விசில் போயே போய்விட்டது. ரதோய்கா அடுப்பைப் பற்றவைக்கக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒவ்வொரு மாலையிலும் அவளுக்குப் பெர்சிதாமேல் கோபம் புதிதாக வந்தது. இப்படியே எட்டு வருஷம் ஓடிற்று. செதோமிர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, தங்கை வீட்டு ஸ்லாவா அன்றைக்கு, தனியாகப் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவான். குடும்பத்துப் புனிதரின் நாளில் போகாதே என்று சொல்ல ரதோய்காவுக்கும் துணிச்சல் வரவில்லை. எப்படி இருக்கிறாள் என்று அவள் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

இந்த நிலைமையில்தான் உயிரியல் டீச்சர் க்ரோஸ்தானா ஊர் நூலகத்தில் புதன்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தாள். யாருக்கு எதில் அசைக்க முடியாத அபிப்பிராயம் இருந்தாலும் வந்து சொல்லலாம். அதைப் பற்றி உலகத்தில் யார் யார் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், என்ன தெரிந்தது, என்ன இன்னும் தெரியவில்லை என்று டீச்சர் தேடிப் படித்துவிட்டு வந்து சொல்வாள். ஒரே ஒரு நிபந்தனை. அபிப்பிராயம் சொல்கிறவர், எது நடந்தால் தன் அபிப்பிராயம் தப்பு என்று ஒப்புக்கொள்வார் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. பௌர்ணமியன்று பிரசவம் அதிகமா என்று ஒரு நர்சம்மா கேட்டாள். கணக்கெடுத்துப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் தென்படவில்லை என்றதும், "அப்ப பௌர்ணமி ராத்திரியெல்லாம் வார்டுல ஓடி ஓடி வந்த என் கால் வலி மட்டும் பொய்யா?" என்று கோபித்துக்கொண்டு போனாள். அடுத்தது ராக்கியா, எங்கள் ஊர்ப் பழச் சாராயம். தினம் ஒரு சின்ன கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று கிழவர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். முன்பு அப்படித்தான் நினைத்தார்கள், ஆனால் குடிக்காதவர்கள் என்று கணக்கில் சேர்த்தவர்களில் பல பேர் உடம்பு கெட்டதால் குடியை விட்டவர்கள், அதனால்தான் குடிக்கிறவன் ஆரோக்கியமாகத் தெரிந்தான் என்று டீச்சர் விளக்கினாள். கிழவர்கள் எழுந்து நேராக எதிரே இருந்த கடைக்குப் போய், துக்கத்தில் இரண்டு கிளாஸாகக் குடித்தார்கள். அதற்கப்புறம் புதன்கிழமைகளில் நூலகத்தில் நாற்காலி கிடைக்கவில்லை.

க்ரோஸ்தானா ரதோய்காவின் வாடிக்கை. சாயம் போட வந்த அன்றைக்கு, "அக்கா, உங்க குறுக்குக்காத்தையும் ஒருநாள் கொண்டு வாங்களேன்" என்று விளையாட்டாகச் சொன்னாள்.

"கொண்டு வர்றேன். சாட்சியோடயே வர்றேன்" என்றாள் ரதோய்கா.

சாட்சி வேறு யார், செதோமிர்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு அவனை முன்வரிசையில் உட்கார வைத்தாள். கடைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜூன் மாதம், நல்ல புழுக்கம், நூலகத்தின் ஒரு பக்க ஜன்னல்கள் மட்டும் திறந்திருந்தன. அதைப் பார்த்துத் திருப்தியோடு ரதோய்கா எழுந்து நின்றாள். மாமாவின் முதுகில் ஆரம்பித்து வக்கீலின் மூளைவரை வந்து, கடைசியில் புருஷனின் மோவாயைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இதுக்கு மேல என்ன ஆராய்ச்சி வேணும் டீச்சர்? சனிக்கிழமை காத்து. திங்கக்கிழமை வாய் கோணல்."

கை தட்டினார்கள். க்ரோஸ்தானாவும் சிரித்தாள். "சரிக்கா. எது நடந்திருந்தா நீங்க சொல்றது தப்புன்னு ஒத்துப்பீங்க?"

"காத்து படறதுக்கு முன்னாடியே அவனுக்கு ஆரம்பிச்சிருக்கணும். அப்ப ஒத்துக்கறேன். கடையை இழுத்து மூடிட்டுப் போயிடறேன், போதுமா?"

டீச்சர் தான் படித்ததைச் சொன்னாள். குளிருக்கும் சளிக்கும் என்ன சம்பந்தம் என்பதில் இன்னும் முடிவான பதில் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தவர்களுக்குப் பின்னால் கொஞ்சம் அதிகமாகச் சளி வந்ததாக ஒரு சோதனை சொல்கிறது. மூக்கில் கிருமியை விட்டுவிட்டுக் குளிரில் உட்கார வைத்துப் பார்த்த இன்னொன்றில் வித்தியாசமே தெரியவில்லை. "இதுல நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு செதோமிரைப் பார்த்தாள்.

"ஆனா முகம் இப்படி ஆகறது வேற விஷயம். அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அந்த சமயத்துல காதுல ஏதாவது இருந்துச்சா? வலி, கொப்புளம் மாதிரி?"

"இருந்துச்சே" என்றான் செதோமிர். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "இடது காதுல. நெருப்பா எரிஞ்சுது. உள்ள சின்னச் சின்னதா கொப்புளம்."

"எப்போ?"

"மிளகாய்க்கு முன்னாடியே. வியாழக்கிழமை வாக்குல. இவதான் ராக்கியாவுல பஞ்சை நனைச்சு வச்சு விட்டா."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அம்மை போட்ட கிருமி நரம்புலயே ஒளிஞ்சிருந்து காது வழியா கிளம்பியிருக்குன்னு சொன்னாரு. சின்ன வயசு டாக்டர். 'மீசையே முளைக்கல, இவனுக்கு என்ன தெரியும்'னு இவ சொல்லிட்டா."

எங்கேயோ பின்வரிசையில் ஒருத்தன், "அப்ப காத்து முன்தேதி போட்டு அடிச்சிருக்குடா!" என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கடைக்கு வருகிற பெண்களும் சிரித்தார்கள், ஜூலை ஜூலையாக வேர்த்த வேர்வைக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள்.

ரதோய்காவுக்கு அந்தச் சிரிப்பு காதில் ஏறவே இல்லை. அவளுக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. அடுப்பு மேடையில் சின்னக் கிண்ணம், ராக்கியா வாசனை, செதோமிர் தலையைச் சாய்த்துக் காட்டுகிறான், அவள் குனிந்து பார்க்கிறாள். தெளிவாகப் பார்த்தாள், காதுக்குள் செக்கச் செவேலென்று கொப்புளங்கள். "ஐயையோ, என்னடா இது" என்றுகூடச் சொன்னாள். தன் கண்ணால் பார்த்து, தன் விரலால் பஞ்சை வைத்து, அதற்கு இரண்டு நாள் கழித்து நாத்தனார் ஜன்னல் திறந்ததுதான் காரணம் என்று தன் வாயால் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். நின்ற இடத்திலேயே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். எதுவும் தேடவில்லை. செதோமிர்தான் எழுந்து, "வா, போலாம்" என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். செதோமிர் சூப்பைச் சூடு பண்ணி முன்னால் வைத்தான்.

"உனக்குத் தெரியுமா, செதா?"

"எது?"

"காது முதல்ல வந்ததுன்னு."

"என் காது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். 'தங்கச்சியைக் காப்பாத்தப் பாக்கறியா'ன்னு ஏறி விழுந்த. என் வாய் வேற அப்ப என் பேச்சைக் கேக்கல." கரண்டியை அவள் பக்கம் நகர்த்தினான். "அப்புறம் எத்தனை தடவை சொல்றது? உங்கிட்ட வாதாடி யாரு ஜெயிச்சிருக்கா? நான் கோழை, ரதோய்கா. எனக்கும் இதுல பங்கு உண்டு."

அவன் தன்மேல் கொஞ்சம் பழியை ஏற்றுக்கொண்டது அவளுக்கு ஆறுதலாக இல்லை. இந்தத் தொங்கிய முகத்தை வைத்துக்கொண்டு இவன் எட்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறானே, தன் தங்கையைப் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறானே என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் க்ரோஸ்தானா சாயம் போட வந்தாள். ரதோய்கா தலை முழுக்கச் சாயத்தைப் பூசினாள். கடையில் வேறு யாரும் இல்லை. கடைசியில் கண்ணாடியைப் பார்க்காமல் கேட்டாள்.

"டீச்சர், கிருமி இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். அதைக் கிளப்பி விட்டது காத்தா இருக்கலாமில்ல?"

"அதுதான் ஏற்கனவே கிளம்பியாச்சேக்கா, வியாழக்கிழமையே."

"இல்ல, காத்து படாம இருந்திருந்தா காதோட போயிருக்குமோ என்னவோ. ஒரு பாதி காரணம்?"

டீச்சர் இல்லையென்று தலையசைத்தாள்.

"பாதி வேணாம். ஒரு கால்வாசி?"

"இருக்குன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி யாரும் காட்டினதில்லைக்கா." க்ரோஸ்தானா திரும்பி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? இது நான் படிச்சு பதில் சொல்ற கேள்வி இல்லையே."

சந்தையில் தக்காளி விலை குறைக்கிற மாதிரி தன் குற்றத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்ததை ரதோய்கா அப்போதுதான் உணர்ந்தாள். முகம் ஜிவ்வென்று சூடேறியது. டீச்சரின் காதோரம் வழிந்த சாயத்தைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

ஒருநாள் பெர்சிதாவின் தெருவரை போனாள், ரொட்டிக் கடையில் தேவையில்லாமல் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இன்னொருநாள் போனை எடுத்தாள், எண் ஞாபகமிருந்தது, அதுவே வெட்கமாகிப் போய் வைத்துவிட்டாள். என்ன சொல்வது? யாரையாவது கூப்பிட்டுத் திட்டச் சொன்னால் அவளுக்கு வார்த்தை மழையாகக் கொட்டும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஸ்லாவாதான் வழி என்று தோன்றியது. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வாசல் திறந்திருக்கும், வந்தவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் அன்றைக்கு அவனைத் திருப்பி அனுப்பக் கூடாது. பெர்சிதாவின் கணவன் விதோமிர் வீட்டுப் புனிதர் எலியா, ஆகஸ்டு இரண்டாம் தேதி. நல்ல வேளையா கெட்ட வேளையா, அது வந்தேவிட்டது.

ஒரு பாட்டில் ஒயினும் காப்பிப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு செதோமிரோடு புறப்பட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் நின்ற விதோமிர் அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தடுமாறினார். பிறகு வீட்டுக்காரரின் கடமை ஞாபகம் வந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்று வழிவிட்டார். அவர்கள் நுழைந்ததும் வாசல் கதவை அழுத்திச் சாத்தினார்.

உள்ளே போனதும் ரதோய்காவுக்கு மூச்சு அடைத்தது. கூடம் நிறைய விருந்தாளிகள், மேசையில் சுட்ட பன்றிக்கறி, சாலட், அலங்கரித்த ரொட்டி, நடுவில் எரிகிற பெரிய மெழுகுவத்தி. எல்லார் முகத்திலும் வேர்வை ஆறாக ஓடியது. ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. திறக்கவே முடியாதபடி விளிம்பெல்லாம் நாடா ஒட்டி, கீழ்ச்சந்தில் போர்வையைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தது. கதவிடுக்கிலும் அதே சுருட்டிய துணி. இரண்டில் ஒன்றை அடைத்தால் திருப்திப்படுகிற ரதோய்காவின் கடையே இதற்கு முன்னால் திறந்தவெளி.

"இது எப்பத்திலிருந்து?" என்று செதோமிரின் காதில் கேட்டாள்.

"அப்பத்திலிருந்துதான். சமையல் பண்ணாக்கூடத் திறக்கறதில்ல. போன வருஷம் புகையில மயங்கி விழுந்துட்டா."

"நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே."

பெர்சிதா தட்டோடு வந்தாள். எட்டு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். கையில் வெந்த கோதுமைக் கிண்ணம், வருகிறவர்கள் முதலில் ஒரு கரண்டி சாப்பிட வேண்டியது. ரதோய்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், பிறகு கிண்ணத்தை நீட்டினாள். "எடுத்துக்குங்க அண்ணி."

ரதோய்கா எடுத்துக்கொண்டாள். சர்க்கரையும் வால்நட்டும் கலந்த கோதுமையை மென்று விழுங்கினாள். வழியெல்லாம் தயார் செய்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. நின்றபடியே, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள். அவளுக்குச் சின்னக் குரலில் பேசத் தெரியாது.

"பெர்சா, நீ பண்ணல. செதாவுக்கு அதுக்கு முன்னாடியே காதுல வந்திருந்துச்சு. நான்தான் பஞ்சு வச்சேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே உன்னைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில அத்தனை பேர் முன்னாடி சொன்னேன், கடையில சொன்னேன், குழந்தைங்ககிட்டருந்து உன்னை எடுத்ததும் என் வாயாலதான். நீ பண்ணல."

பெர்சிதா கிண்ணத்தை மேசையில் வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. ரதோய்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பெரிய மனசு அண்ணி" என்றாள். "என் மனசு ஆறணும்னு வந்து இப்படிச் சொல்றீங்க. ஆனா நான் பண்ணது எனக்குத் தெரியும். நீங்க மூடுன்னு சொன்னீங்க. நான் சிரிச்சேன்."

"ஐயோ, பெரிய மனசும் இல்ல ஒண்ணும் இல்ல! நிஜமா! டீச்சர் சொன்னாங்க, டாக்டரே அன்னைக்கே சொன்னாரு! செதா, நீ சொல்லேன்!"

"நிஜம்தான் பெர்சா. எனக்கு வியாழக்கிழமையே எரிஞ்சுது" என்றான் செதோமிர்.

"நீ எப்பவும் எனக்குப் பரிஞ்சுதான் பேசுவ, அண்ணா." பெர்சிதா சமையல் அங்கியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உக்காருங்க, சூப்பு கொண்டு வர்றேன்."

அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு சாட்சியும் இல்லாமல் சொன்னதை ஊரும் நம்பியது, பெர்சிதாவும் நம்பினாள். இன்றைக்குக் காது, பஞ்சு, டாக்டர், ஆராய்ச்சி எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டினாலும் நம்ப ஆளில்லை. ரதோய்காவுக்கு ஆத்திரம் வந்தது, தன்மேல்தான். வந்த வேகத்தில் ஜன்னலுக்குப் போனாள். நாடாவைப் பிடித்துக் கிழித்தாள், போர்வையை இழுத்து எறிந்தாள், ஜன்னலை அகலத் திறந்தாள். யாரும் என்னவென்று கேட்பதற்குள் வாசல் கதவையும் திறந்தாள். ஒரு நாற்காலியை இழுத்து, இரண்டுக்கும் நேர் நடுவே போட்டு உட்கார்ந்தாள்.

காற்று வந்தது. மேசைவிரிப்பு எழும்பியது. விருந்தாளிகள் தட்டோடு எழுந்து மூலைக்கு ஓடினார்கள். "மெழுகுவத்தி! மெழுகுவத்தி!" என்று விதோமிர் அலறினார். ஸ்லாவா மெழுகுவத்தி தானாக அணைந்தால் வீட்டுக்கு ஆகாது. அவர் இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டு நின்றார். ரதோய்காவின் வேர்த்த கழுத்தில் காற்று சில்லென்று இறங்கியது. அவளுக்குத் தெரியும், ஒன்றும் ஆகாது. தெரிந்தும் பின்கழுத்து மயிர் சிலிர்த்தது, எழுந்து ஓடு என்று முதுகு சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செதோமிர் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பாரு பெர்சா" என்றாள் ரதோய்கா. "பாரு, நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்கோம்."

பெர்சிதாவின் முகம் வெளுத்துவிட்டது. மெழுகுவத்திப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள் அறைக்கு ஓடினாள், குளிர்காலத்துக் கம்பளிச் சால்வையோடு ஓடிவந்தாள். ஆகஸ்டு வெயிலில் அதை உதறி, ரதோய்காவின் தலையோடு சேர்த்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினாள்.

"வேணாம் பெர்சா" என்றாள் ரதோய்கா. "வேணாம்மா."

"காது வெளிய தெரியுது அண்ணி" என்றாள் பெர்சிதா, முனைகளை மோவாய்க்குக் கீழே இழுத்து முடிச்சுப் போட்டபடி. "கொஞ்சம் அசையாம இருங்க."

ரதோய்கா அசையவில்லை.